மாடிப்படி ஏறாத கூட்டம்

பேத்திக்கு ஹேர் க்ளிப் வாங்கப் போனேன். தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளுக்கென்று மாநகராட்சி கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வளாகம் இருக்கிறதே, அங்கே. மேலே போகப்போகத் தெருச் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு கடையில் அம்மா ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையில் செருகிய க்ளிப்புகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விற்காத சரக்குக்குத்தான் இந்தத் துடைப்பு உபசாரம்.

“கீழ ரோட்டுல இருந்தப்ப புடவை வாங்க வந்தவங்க நடந்துக்கிட்டே க்ளிப்பையும் எடுத்துட்டுப் போவாங்க சார். க்ளிப் வாங்கணும்னே மாடி ஏறி யாரு வருவா?”

திட்ட அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருக்கலாம். பார்த்ததும் வாங்கத் தோன்றும் பொருளைக் கண்ணில் படாத இடத்துக்கு ஏற்றிவிட்டால், கடை இருக்கும், வியாபாரம் இருக்காது.

2013இல் இந்த வியாபாரிகளை மேலே ஏற்றினார்கள். 2019 நவம்பரில் கீழே அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது; செலவு சுமார் 40 கோடி ரூபாய். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முழங்கால் வலிக்காரனான நான் வாரம் ஒருமுறையாவது அங்கே பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவன். சென்னையில் காசு கொடுக்காமல் உட்கார எத்தனை இடம் இருக்கிறது? என் கேள்வி வேறு. இந்த நடைபாதை வளாகம் கட்டப்பட்ட காலத்தில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை மன்றக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது யார்?

யாரும் இல்லை. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை என்று இழுத்தடித்து, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் மன்றத்தின் அதிகாரம் முழுக்க ‘தனி அலுவலர்’ கையில். அந்தத் தனி அலுவலர் வேறு யாருமில்லை, ஆணையர்தான். ஆணையராக அவர் கோப்பை அனுப்புவார். தனி அலுவலராக அவரே அதற்கு ஒப்புதல் தருவார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் கூட்டம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

இந்த நடைபாதை வளாகம் அடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் சூடுபிடித்ததும் சரியாக இந்த வருடங்களில்தான். 2015 ஜூனில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி தர, அதே அளவு மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்து போட வேண்டியிருந்தது. பணம் மாநகராட்சிக் கணக்குக்குக்கூட வரவில்லை. கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான தனி நிறுவனத்துக்குப் போனது. ஆக, பதினொரு ஊரிலும் பேருந்து நிலையம், சந்தை, குளம், சாலை எனப் பெரிய வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஊரில்கூடக் கவுன்சிலர் கிடையாது.

கவுன்சிலர் இருந்தால் மட்டும் கிழித்துவிடுவாரா, கமிஷன்தானே கேட்பார் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சிலர் கேட்பார்கள்தான். ஆனாலும் எந்தத் தெருவில் மழைநீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருக்க ஜனங்கள் விடமாட்டார்கள். விடியற்காலையிலேயே போன் செய்து திட்டுவார்கள். குடிநீரும் சாக்கடையும் 1978 முதல் தனி வாரியத்தின் பொறுப்பு, கவுன்சிலரின் கையில் இல்லை என்றாலும் திட்டு அவருக்குத்தான். 2021 நவம்பர் மழையில் தி.நகர் மிதந்தது. ஸ்மார்ட் சிட்டி வேலைகள்மீது கேள்வி எழுந்து, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரைக் கொண்டு அரசு விசாரணை நடத்தியது. முன்பே மன்றத்தில் நாலு பேர் மேசையைத் தட்டிக் கத்தியிருந்தால் வெள்ளம் வந்திருக்காது என்று சொல்லவில்லை. கத்தியது பதிவேட்டிலாவது இருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. தி.நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர், அரசு அதிகாரி அல்லாமல் இந்த மாநகராட்சிக்குத் தலைவரான முதல் ஆள். பாண்டி பஜார் இருக்கும், அவர் பெயர் கொண்ட சாலையை அதிகாரிகள் மட்டுமே உட்கார்ந்து மாற்றியமைத்திருக்கிறோம்.

2022 மார்ச்சில் புது மன்றம் வந்தது. ஆர். பிரியா மேயரானார், 200 உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். மாலை வாடுவதற்குள், ஏப்ரலிலேயே, சொத்து வரி உயர்வு வந்து நின்றது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். வரியை ஏற்றாவிட்டால் 15ஆவது நிதிக்குழு மானியம் கிடைக்காது என்றார்கள். பந்தி முடிந்தபின் வந்தவர்களிடம் மொய் நோட்டை நீட்டியது மாதிரி. செலவை முடிவு செய்தவர் ஒருவர், வரியை ஏற்றி ஓட்டுப்போட்டவர்களிடம் ஏச்சு வாங்குவது இன்னொருவர்.

இப்போது மன்றம் கூடுகிறது. கேள்வி நேரம் உண்டு, நேரமில்லா நேரம் உண்டு. தெருநாய், கொசு, தெருவிளக்கு என்று பேசுகிறார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். எனக்குச் சங்கடம் தருவது, அதன் பிறகு தீர்மானங்கள் கட்டுக்கட்டாக நிறைவேறும் வேகம். எந்தச் சாலை, எவ்வளவு கடன், யாருடைய கடை எந்த மாடிக்கு என்பதெல்லாம் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கும்.

க்ளிப் கடை அம்மாவிடம், கீழே நடைபாதை போட்டபோது யாரிடமாவது போய்ச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

“அப்ப கவுன்சிலரே இல்லியே சார். ஆபீசருங்க வருவாங்க, டேப் வச்சு அளப்பாங்க, போயிடுவாங்க.”

இரண்டு க்ளிப், 40 ரூபாய். நூறு ரூபாயை நீட்டினேன். சில்லறை கேட்டு இரண்டு பக்கத்துக் கடைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். மணி பன்னிரண்டரை; அந்த இரண்டு கடையிலும் இன்னும் போணி ஆகவில்லையாம்.