இரண்டு கதவுகள், ஒரு துணுக்கு

புது சிலிண்டரின் மூடியைக் கழற்றியதும் கேஸ் ஏன் சீறிக்கொண்டு வெளியே வருவதில்லை? அதன் வாயில் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. ரெகுலேட்டரை மாட்டித் திருகினால் அமுங்கித் திறக்கும். எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும்.

கார் பந்தயங்களில் எரிபொருள் நிரப்பும் குழாயிலும் இதே யோசனைதான். ஆனால், அங்கே கதவுகள் இரண்டு. குழாய் முனையில் ஒன்று, டேங்க்கின் வாயில் ஒன்று. இரண்டும் பொருந்திப் பூட்டிய பிறகுதான் திறக்கும். பிரிவதற்கு முன்பே மூடிவிடும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்த வழியாக நொடிக்குச் சுமார் 12 லிட்டர் பாய்ந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது!

ஒருமுறை சிந்தியது. 1994 ஜூலை 31, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். எரிபொருள் நிரப்ப வந்து நின்றது ஜோஸ் வெர்ஸ்டாப்பனின் கார். வால்வு சரியாக மூடாததால், சூடான கார் மீது எரிபொருள் தெறித்தது. சில நொடிகளில் தீப்பிழம்பு! ஊழியர்கள் உடனே அணைத்துவிட, லேசான தீக்காயங்களோடு தப்பினார் ஜோஸ்.

எரிபொருள் கருவியில் இருக்க வேண்டிய வடிகட்டி கழற்றப்பட்டிருந்ததும், ஏதோ ஒரு சிறு துணுக்கு வால்வில் சிக்கியதும்தான் காரணம் என்றது விசாரணை. எவ்வளவு நுட்பமான பூட்டாக இருந்தாலும், இடையில் ஒரு துணுக்கு சிக்கினால் போதும்.

அடுத்த முறை சிலிண்டர் வந்ததும், மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அழுக்கோ, விரிசலோ தெரிந்தால் ரெகுலேட்டரை மாட்டாதீர்கள். கொண்டுவந்தவர் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.