இருண்ட கண்டமா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆப்பிரிக்காவை 'இருண்ட கண்டம்' என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன். 1977-இல் லாகோஸ் நகரில் நடந்த 'ஃபெஸ்டாக்' கலைவிழாவைப் பற்றிப் படித்தபோது வெட்கினேன். 50-க்கும் மேற்பட்ட நாடுகளின் கலைஞர்கள் அங்கே கூடி இசைத்தனர், ஆடினர்.

விழாச் சின்னம், பெனின் நாட்டு அரசி இடியாவின் முகமூடி. யானைத் தந்தத்தில் செதுக்கியது. 1897-இல் பெனினைச் சூறையாடிய ஆங்கிலப் படை கவர்ந்து சென்றது. விழாவுக்கு இரவலாகக் கேட்டும் பிரிட்டிஷ் மியூசியம் மறுத்துவிட்டது. பெனின் சிற்பிகள் சோர்ந்தார்களா? அதே முகத்தைப் புதிதாகச் செதுக்கிக் கொடுத்தார்கள்! பொருளைக் கவரலாம், கைத்திறனைக் கவர முடியுமோ?

அசல் இன்றும் லண்டனில்தான் இருக்கிறது. திருப்பித் தருவதே நீதி. அந்தக் கேள்வி மீண்டும் வந்தால், மதிப்பெண் போனாலும் வேறு விடை எழுதுவேன்.