நாடி பார்த்த பின்னரே மருந்து



உல்லாஸ்நகர், அம்பர்நாத், கல்யாண் வட்டாரங்களில் வாழும் நம்மவருள், பழைய வண்டி ஒன்றை நம்பியே குடும்பம் நடத்துவோர் உளர். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படியும் நின்றுவிடும். பட்டறையில் "சென்சார் போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்றால், மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணி வைக்கின்றோம். புதிது போட்ட பின்னும் கோளாறு தீராதபோதுதான் மனம் நோகின்றது. குற்றம் பல வேளைகளில் சென்சாரில் இல்லை. அதற்குச் செல்லும் கம்பியில் இருக்கின்றது.

2023 அக்டோபர் 30-ஆம் தேதி மும்பையில் விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்சிகளுக்கு இக்கவலை இருந்ததில்லை. அவற்றில் இருந்தது கார்புரேட்டர். 2001-ல் பாரத் ஸ்டேஜ் 2 என்னும் புகை விதி மும்பைக்கு வந்தது. அக்காலத்தையொட்டி, பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் என்ஜின்கள் பெருகின. சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று அக்கணினிக்குச் செய்தி சொல்பவையே சென்சார்கள். அவ்வண்டிகளுக்கு இன்று இருபது வயதுக்கு மேலாகின்றது. நம் பக்கத்து மழையோ எளியதன்று. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததையும், உல்லாஸ் ஆறு பெருகியதையும் யார் மறப்பர்? ஈரம் புகுந்த கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறும். எலி கடித்த கம்பிகளோ சொல்லவே வேண்டா.

இதனைக் கண்டறியும் கருவி மல்டிமீட்டர். பிரிட்டிஷ் தபால் இலாகாப் பொறியாளர் டொனால்ட் மெக்காடி என்பாரின் முயற்சியால் 1923-ல் விற்பனைக்கு வந்த ஆவோமீட்டரே இதன் முன்னோடி. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றையும் ஒரே கருவி அளந்ததால் அப்பெயர் பெற்றது. இன்று லாமிங்டன் ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மீட்டர் கிடைக்கின்றது.

என்ஜின் நீரின் சூட்டை அறியும் இரு கம்பிச் சென்சாரை எடுத்துக்கொள்வோம். முதலாவதாக, என்ஜின் ஆறியிருக்கும்போது கனெக்டரைக் கழற்றிச் சாவியை மட்டும் திருப்பி, கம்பிப் பக்கத்து இரு முனைகளுக்கிடையே டி.சி. வோல்ட் பார்க்கவேண்டும். பொதுவாக 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். காட்டாவிடில், ஒவ்வொரு முனையையும் பாட்டரியின் நெகடிவோடு வைத்துப் பார்க்கலாம். அப்போது ஒன்றில் 5 வோல்ட் வந்தால், அறுந்தது எர்த் கம்பி என்று அறியலாம்.

இரண்டாவதாக, கழற்றிய சென்சாரின் இரு முனைகளில் ஓம் பார்க்கவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஆறியபோது 2000 ஓமை ஒட்டியும், 80 டிகிரிச் சூட்டில் 300 ஓமை ஒட்டியும் இருக்கும். சரியான அளவை வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும். சூடு ஏற ஏற அளவு சீராக இறங்கினால் சென்சார் நலமே.

மூன்றாவதாக, பாட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டுக் கம்பியின் இரு நுனிகளையும் அளக்கலாம். நல்ல கம்பி ஒரு ஓமுக்குள் காட்டும். அளக்கும்போதே கம்பிக் கற்றையை மெல்ல அசைத்தால், விட்டு விட்டு வரும் கோளாறும் வெளிப்படும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பத்து இழைகளில் ஒன்பது அறுந்தாலும் மீட்டர் நலமென்றே காட்டக்கூடும். ஆதலின் யாவற்றையும் மாட்டி, என்ஜின் ஓடும்போது, கனெக்டரின் பின்புறமாகச் சென்சாரின் எர்த் முனையையும் பாட்டரி நெகடிவையும் தொட்டு வோல்ட் பார்க்கவேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பழுதுடையது. கை விசிறிக்கு எட்டாதிருக்கட்டும். கணினிக் கம்பிகளில் பல்ப் வைத்துச் சோதித்தல் ஆகாது. கம்பியின் உறையை ஊசியால் குத்துதலும் ஆகாது. அத்துளை வழியே அடுத்த மழை உள்ளே புகும்.

நாடி பார்க்காமல் மருந்து தரும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. பட்டறையிலும், "கம்பியைச் சோதித்தீர்களா?" என்று பணிவுடன் ஒரு வார்த்தை கேட்போம். வீட்டு இளைஞர்கள், இளம்பெண்கள் கையில் ஒரு மீட்டரைக் கொடுத்துப் பழக்குவோம். பத்து நிமிடச் சோதனை ஒரு மாத வாடகைப் பணத்தைக் காக்கக்கூடும்.