சம்பளப் பாக்கியும் கேலிப் பொருளா?

சூலியா தெரு தேநீர்க்கடையில் காற்பந்துப் பேச்செழுந்தால் கெடாக்காரர் தலைதான் உருளும். உருளட்டும்! 1974இல் பேராவை வென்று நாம் மலேசியக் கிண்ணம் கொண்டுவந்ததையும், 2016இல் பாயிஸ் சுப்ரி வளைத்து உதைத்த பந்து உலகம் மெச்சப் புஸ்காஸ் விருது பெற்றதையும் (அவர் கெடாவில் பிறந்தவர் என்பதை மட்டும் விழுங்கிவிட்டு) பேசித் தீர்ப்போம். ஆனால், சம்பளப் பாக்கியால் கெடாக் குழு 2025இல் சூப்பர் லீக் உரிமம் இழந்ததற்கும் கைகொட்டிச் சிரிப்பதா, தோழர்களே? பந்து உதைப்பவரும் பால்மரம் வெட்டும் நம்மைப்போல் கூலிக்கு உழைப்பவரே. சம்பளம் வராத மாதத்தில் மளிகைக்கடைக் கடன் எப்படி ஏறும் என்பதை நமக்கா சொல்லித்தர வேண்டும்? ஆட்டக்காரர் பாக்கி முழுதும் தீரட்டும். பிறகு கெடாக் குழு பினாங்குத் திடலுக்கு வரட்டும். அன்று நம் வாயை யார் அடக்குவது?