குடியை விட்ட பிறகு வரும் மாதங்கள்: எங்கள் நிலைப்பாடு

"குடிச்சப்பகூட இப்படி இல்ல. நிறுத்துன பிறகுதான் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான். ஒரு கட்டிங் போட்டா வீடு அமைதியா இருக்கும்." தருமபுரி மாவட்டம் ஏரியூர் வட்டாரத்தில் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தாயும் மனைவியும்தான். அவர்கள் காண்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டிங்குக்குக் காசு கொடுப்பது, பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும்.

குடியை நிறுத்தியவர்களும் குடும்பத்தாரும் சேர்ந்த எங்கள் குழுவின் நிலைப்பாடு இது: நிறுத்திய பின் மாதக்கணக்கில் நீளும் தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல், மறதி எல்லாம் நோயின் மிச்சம். குணக்கேடு அல்ல. அதற்கும் சிகிச்சை தொடர வேண்டும்.

கை நடுக்கமும் வியர்வையும் கடைசிக் குடிக்குப் பின் சில மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். அதற்குள் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். ஆகவே நெடுநாள் குடித்தவரை வீட்டில் பூட்டி வைக்காமல் பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். இதுவரை ஊருக்கு ஓரளவு தெரியும். அடுத்து வருவதுதான் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் சாராயம் அமுக்கியதை எதிர்த்து மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. சாராயம் போனாலும் அந்த வேகம் உடனே தணிவதில்லை. நடுராத்திரியில் விழிப்பு வரும். கனவில் குடித்துவிட்டு, நிஜமாகவே குடித்துவிட்டோமோ என்று பதறி எழுந்து, உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தவர்கள் எங்களில் உண்டு. சில வாரம் நன்றாக இருந்து திடீரெனத் திரும்பவும் வரும். சனிக்கிழமை சம்பளத்தோடு பெங்களூரு கட்டட வேலையிலிருந்து பஸ் ஏறும்போது ஆசை கிளம்பும். பசியும் அசதியும் அதைக் கூட்டும். பெரும்பாலும் அரைமணி நேரத்தில் அது தணிந்துவிடும். அதுவரை வயிறார ஒரு உருண்டை களியும் பேச்சுத்துணையும் கிடைத்தால் போதும்.

மருத்துவர் சீட்டில்லாமல் மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்குவதை எதிர்க்கிறோம். அதுவே அடுத்த பழக்கமாகிவிடும். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையை, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலப்பதை அதைவிடக் கடுமையாக எதிர்க்கிறோம். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் செத்துப்போகலாம். ஆசையைக் குறைக்க அகாம்புரோசேட், நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் பார்த்துத் தரட்டும். கோயிலில் கயிறு கட்டியவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பலருக்கு முதல் உறுதி அங்கேதான் பிறந்தது. கயிற்றோடு மருந்தும் இருக்கட்டும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. எனவே சிகிச்சை கேட்பது உரிமை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அத்திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் ஊழியர், குடியை நிறுத்தியவர் வீட்டுக்கும் ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை வர வேண்டும். ஏரியூர் ஒன்றிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறித்த நாளில் இருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் இவ்விரண்டையும் கேட்கிறோம்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அவர் எரிந்து விழும் இரவில் காசை எடுக்காதீர்கள், 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற இந்த மனநலத் தொலைபேசிச் சேவை இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.