‘நிற்றேன்’ என்ற தம்பியும் ‘சாபோ’ என்ற நானும்

கடந்த ஆண்டு நம் கழகம் நடத்திய புதுமுக மாணவர் அறிமுக மாலையில் ஒரு சிறு சம்பவம் நடந்தது. அன்று அங்கிருந்த பலருக்கு அது இப்போது நினைவிலும் இருக்காது. முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். தொடக்கப்பள்ளி முதல் தேசியப் பள்ளியில் படித்தவர். எழுதி வைத்துப் படிக்காமல், சொல்லுக்குச் சொல் யோசித்துச் செந்தமிழில் பேச முயன்றார். “பள்ளியில் ஒரு முறை மேடையில் நிற்றேன், பேச்சு வரவில்லை” என்றார். மண்டபம் சிரித்தது. பேச்சு வராததற்காக அல்ல. அந்த ‘நிற்றேன்’ என்ற சொல்லுக்காக. நானும் சிரித்தேன். சற்று உரக்கவே சிரித்தேன்.

அதன் பிறகு அவர் நம் நிகழ்ச்சி எதற்கும் வரவில்லை. புலனக் குழுவிலிருந்தும் விலகிக்கொண்டார்.

இக்கட்டுரை ஸ்பானிய மொழியின் வினைச்சொல் ஒன்றைப் பற்றியது. தம்பியின் கதை ஏன் முன்னால் வந்தது என்பது போகப் போக விளங்கும்.

மூன்றாம் மொழிப் பாடமாக நான் ஸ்பானியத்தை எடுத்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, கொரிய மொழி வகுப்பில் இடம் நிறைந்துவிட்டது. முதல் இரண்டு வாரங்கள் இனிமையாகப் போயின. வினையின் ஈற்றைக் கழற்றிவிட்டு ஆளுக்கேற்ற விகுதியை ஒட்டினால் போதும். ‘கொமேர்’ என்றால் உண்ணுதல். ‘கோமோ’ உண்கிறேன், ‘கோமெஸ்’ உண்கிறாய், ‘கோமெ’ உண்கிறான் அல்லது உண்கிறாள். எழுவாயைச் சொல்ல வேண்டியதே இல்லை, விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மலாய், சீனத் தோழர்கள் இதில் திணறினார்கள். மலாயில் நேற்றும் ‘தாஹு’தான், நாளையும் ‘தாஹு’தான், நானும் ‘தாஹு’, அவனும் ‘தாஹு’. மாண்டரினிலும் வினை யாருக்காகவும் வளைந்து கொடுப்பதில்லை. என் நாக்கோ ‘வந்தேன், வந்தாய், வந்தான்’ என்று பழகிய நாக்கு. கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

மூன்றாம் வாரம் ‘சாபேர்’ வந்தது. அறிதல், தெரிந்திருத்தல் என்று பொருள். விரிவுரையாளர் ஏதோ கேட்டார். எனக்கு விடை தெரியும். கையைத் தூக்கி, “யோ சாபோ” என்றேன். ‘கொமேர்’ என்பது ‘கோமோ’ ஆகும்போது ‘சாபேர்’ என்பது ‘சாபோ’ ஆகத்தானே வேண்டும்?

ஆகாதாம். ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கு அங்கே ‘சே’. அவ்வளவுதான், ஒரே எழுத்து. மற்றவர்களுக்கெல்லாம் ‘சாபெஸ், சாபெ, சாபேமோஸ், சாபேய்ஸ், சாபென்’ என்று ஒழுங்காக வந்துவிட்டுத் தன்மை ஒருமையில் மட்டும் இப்படி. இறந்தகாலத்துக்குப் போனால் அடியே வேறாகிவிடுகிறது: ‘சூப்பெ, சுப்பீஸ்தெ, சூப்போ, சுப்பீமோஸ், சுப்பீஸ்தேய்ஸ், சுப்பியேரோன்’. எதிர்காலத்தில் நடுவிலிருந்த உயிரொலி ஒன்றை விழுங்கிவிட்டு ‘சாப்ரே’ என்று நிற்கிறது. விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் வடிவத்தில் ‘சேப்பா’. இவற்றுக்கிடையே ‘சாபீயா’ என்னும் இன்னோர் இறந்தகாலம் மட்டும் ஒழுங்கான பிள்ளையாக விதியைப் பின்பற்றுகிறது. அந்த இரண்டு இறந்தகாலங்களுக்கும் பொருள் வேறு. ‘சாபீயா’ என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. ‘சூப்பெ’ என்றால் எனக்குத் தெரியவந்தது. (இடையில் ஒன்று: ‘சாபெஸ்’ என்பதில் உள்ள பகரமும் ‘சூப்பெ’ என்பதில் உள்ள பகரமும் அம்மொழியில் இரு வேறு எழுத்துகள். ஒன்றை ஒற்றையாகவும் மற்றதை இரட்டித்தும் எழுதினால் தமிழ் படிக்கத் தெரிந்தவர் தாமாகவே சரியாக ஒலித்துவிடுவார். வகுப்பில் என் குறிப்பேடு தமிழ் எழுத்தில்தான் இருந்தது.)

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. ஸ்பானியம் பேசும் வீடுகளில் சின்னக் குழந்தைகள் ‘சாபோ’ என்றுதான் சொல்லுமாம். ‘உடைந்த’ என்பதற்கு ‘ரோதோ’ என்று சொல்லாமல் விதிப்படி ‘ரொம்பீதோ’ என்றும் சொல்லுமாம். விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளையால்தான் இந்தப் பிழையைச் செய்ய முடியும், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளியால் முடியாது என்றார். கூடவே இன்னொரு செய்தியையும் சொன்னார். அமெரிக்காவில் வளரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளில் ஸ்பானியம் சரியாக வராதவர்களை ‘நோ சாபோ’ பிள்ளைகள் என்று கேலி செய்கிறார்கள். ‘தெரியாது’ என்று சொல்வதையே தப்பாகச் சொல்கிறவர்கள் என்று அர்த்தம். கேலி செய்பவர்கள் வேற்று இனத்தார் அல்லர், சொந்தக்காரர்கள்தாம்.

அங்கேதான் எனக்கு அந்தத் தம்பி நினைவுக்கு வந்தார்.

அன்றிரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கல் – கற்கிறேன் – கற்பேன். நில் – நிற்கிறேன் – நிற்பேன். இம்மி பிசகாமல் ஒரே அச்சு. அப்படியானால் ‘கற்றேன்’ என்பதற்கு இணை ‘நிற்றேன்’தானே? தம்பி சொன்னது அதுதான். ஆனால் நாம் ‘நின்றேன்’ என்கிறோம். ‘சொல்’ இன்னும் மோசம்: ‘சொற்றேன்’ என்றும் இல்லை, ‘சொன்றேன்’ என்றும் இல்லை, ‘சொன்னேன்’. ‘வெல்’ என்பது ‘வென்றேன்’. வா, வந்தேன், தா, தந்தேன், காண், கண்டேன், சா, செத்தான். நூலகத்தில் இலக்கண நூல் ஒன்றைப் புரட்டினேன். கற்றான், நின்றான் இரண்டிலும் இறந்தகால இடைநிலை ‘ற்’ என்பதேதான். ‘நில்’ என்பது ‘நின்’ ஆனது விகாரம் என்று போட்டிருந்தது. ஏன் ஆனது என்பதற்கு ‘விகாரம்’ என்பது விடையா, பெயரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. ஸ்பானியத்திலும் சரி, தமிழிலும் சரி, இப்படி முறண்டு பிடிக்கும் வினைகள் பெரும்பாலும் நாள்தோறும் புழங்குபவை. வாய்க்கு வாய் வந்துகொண்டே இருப்பதால் அவை விதிக்கு அடங்காமல் தப்பிவிடுகின்றன.

அப்படியானால் ‘நின்றேன்’ எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. தோட்டத்து வீட்டில் பாட்டி நாளெல்லாம் ‘நின்னேன், சொன்னேன்’ என்று பேசிக்கொண்டிருந்தார், அருகிலிருந்த தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் அதை ‘நின்றேன்’ என்று எழுத வைத்தார். 2015இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழின் இரண்டு தாள்களிலும் ‘ஏ’ வாங்கினேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. படிவம் நான்கில் தமிழை விட்டுவிட்டேன். எஸ்.பி.எம். தேர்வில் நான் தமிழ் எடுக்கவில்லை என்பது கழகத்தில் பலருக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. அன்று மண்டபத்தில் ‘நிற்றேன்’ என்று காதில் விழுந்தபோது, ஒரு நொடி, அது சரியோ என்று எனக்கே ஐயம் வந்தது. அந்த ஐயத்தை யாரும் கண்டுவிடக் கூடாது என்றுதான் உரக்கச் சிரித்தேன்.

சிரிக்காவிட்டால் தரம் போய்விடும் என்பார்கள் நம் மூத்தவர்கள் சிலர். நான் திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. என் விரிவுரையாளர் திருத்தினார், அடுத்த சோதனையில் ‘சாபோ’ என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணும் இல்லை. ஆனால் அடுத்த வகுப்புக்கு நாங்கள் எல்லாரும் போனோம். ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்று ஆண்டுதோறும் பதாகை அச்சடிக்கும் நேரத்தில் சண்டை போடும் நமக்கு, பிறர் பிழையைப் பார்த்து இவ்வளவு இளக்காரம் எங்கிருந்து வந்தது? வீட்டில் காதில் விழுந்ததை நம் சாதனையாகவும், காதில் விழாததை அவர் குற்றமாகவும் எண்ணிக்கொள்கிறோம். கவியரங்கம், சொற்போர், பொங்கல் என்று நம் நடவடிக்கைகள் எல்லாம் ஏற்கெனவே தமிழ் வந்தவர்களுக்காகவே நடக்கின்றன. தட்டுத் தடுமாறி வருபவருக்கு நாம் வைத்திருப்பது அந்த ஒலிவாங்கி ஒன்றுதான்.

இன்னொரு நாள், “உங்கள் மொழியில் ‘சாபேர்’ எப்படி மாறும்?” என்று விரிவுரையாளர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். ‘எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும்’ என்று எழுதிவிட்டு நானே திகைத்து நின்றேன். வினை அசையவே இல்லை. ஆள்தான் ‘கு’ உருபை ஏற்றுக்கொண்டு மாறுகிறான். வடிவம் எதிர்காலம், பொருளோ நிகழ்காலம். நான் ஒன்றை அறிகிறேன் என்று சொல்லாமல், அது எனக்குத் தெரிகிறது என்கிறோம். ‘மெ குஸ்தா’ என்றால் ‘எனக்குப் பிடிக்கும்’. ஆங்கில வழியாக வந்தவர்களை அத்தொடர் என்ன பாடு படுத்தியது! எனக்கு அது கேட்ட உடனே புரிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாயில் வைத்திருந்த சொல்லை நான் முதன்முதலாகப் பார்த்தது ஸ்பானிய வகுப்பில்தான்.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். இருபது தமிழ் வினைகளை, மூன்று காலத்திலும் எல்லா இடத்திலும், என் ஸ்பானியப் பாடநூலில் உள்ளது போலக் கட்டம் கட்டி எழுதியிருக்கிறேன். பகுதி, விகுதி, இடைநிலை என்ற சொற்கள் அதில் எங்கும் இல்லை. ‘நில்’ முதல் பக்கத்திலேயே இருக்கிறது. செயற்குழு இடம் கொடுத்தால் அடுத்த பருவத்தில் வாரம் ஒரு மணி நேரம் கழக அறையில் உட்காரலாம். எஸ்.பி.எம். தமிழ் எடுக்காதவர்கள் வரட்டும். நானும் அவர்களில் ஒருவன்.

சென்ற வாரம் நூலக வாசலில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். “அண்ணா, ஸ்பானிஷ் படிக்கிறீங்களாமே, கஷ்டமா?” என்று கேட்டார். ‘சாபோ’ கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த இதழ் அவர் கைக்கும் போகும். தம்பி, அன்றைக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உரக்கச் சிரித்தது நான்தான்.