பல் என்ன பித்தளைக் குடமா?

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் சாலையில், ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தி முந்திரி வாங்காதவர்கள் குறைவு. பெண்கள் கொட்டையை வறுத்து, கையால் உடைத்து, தோலுரித்துப் பருப்பைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு பருப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை என்றுதான் சொல்வோம். ஆனால் அது சுண்ணாம்பு வெள்ளை இல்லை. உள்ளே இளமஞ்சள் ஓடும். மனிதப் பல்லின் இயல்பான நிறமும் ஏறக்குறைய அதுதான்.

இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், நம் வீடுகளில் வேரூன்றிப்போன ஒரு நம்பிக்கை. மஞ்சளாகத் தெரிந்தால் அது அழுக்குப் பல். அழுக்கு என்றால் தேய்த்தால் போகும். தேய்ப்பதற்கு அடுப்படியில் இருப்பதே போதும். அடுப்படியில் இருப்பது எதுவும் கெடுதல் செய்யாது. வரிசையாக நான்கு தவறுகள். இவற்றால் கெட்டுப்போன பற்களை என் குடும்பத்திலேயே இரண்டு தலைமுறையாகப் பார்த்துவிட்டேன்.

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் பெரியம்மா உமிக்கரியில்தான் பல் தேய்ப்பார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொட்டாங்குச்சியில் உமிக்கரி எப்போதும் இருக்கும். ஆள்காட்டி விரலால் தொட்டு, இடமும் வலமுமாக அழுத்தி, கறுப்பு நுரை வழிய வழியத் தேய்ப்பார். "இந்தப் பேஸ்டெல்லாம் எதுக்குடா, நல்லா தேச்சாத்தான் பளிச்சுனு இருக்கும்" என்பார். ஐம்பது வயதுக்குள் அவருடைய மேல்வரிசைப் பற்களில், ஈறை ஒட்டி, கோடாலி வெட்டியதுபோல ஒரு பள்ளம். குடத்துத் தண்ணீரைக் குடிக்கும்போதும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பள்ளத்தின் நிறம் எது தெரியுமா? மஞ்சள். எந்த மஞ்சளுக்குப் பயந்து முப்பது வருடம் தேய்த்தாரோ, அதே மஞ்சள்.

ஏன் அப்படி என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் கறுத்த மேல்படலம் கரைகிறது. அடியில் இருப்பதும் பித்தளைதான், ஆகவே பளபளக்கிறது. பல் அப்படிப்பட்ட பொருள் இல்லை. மேலே எனாமல், அதற்கு அடியில் டென்டின். எனாமல் கண்ணாடி மாதிரி ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அது மிகத் தடிமனாக இருக்கிற இடத்திலேயே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதிக்கு வரும்போது மெலிந்து மெலிந்து முடிந்துவிடும். டென்டினின் இயற்கை நிறமே மஞ்சள். எனாமல் தேயத் தேய, அடியில் உள்ள மஞ்சள் இன்னும் துலக்கமாகத் தெரியும். தேய்ந்த எனாமலை உடம்பு மறுபடி உண்டாக்காது. வெட்டிய நகம் வளரும், உரிந்த தோல் வளரும், எனாமல் வளராது. உமிக்கரியில் இருப்பதோ சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே சரக்கு. செங்கல் தூள், சாம்பல், உப்பு எல்லாமே சொரசொரப்பால்தான் வேலை செய்கின்றன.

பெரியம்மா காலம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு உறவுக்காரப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. போட்டோவில் பல் மஞ்சளாகத் தெரிகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். செல்போனில் பார்த்தபடி எலுமிச்சம்பழச் சாற்றில் ஆப்பசோடாவைக் குழைத்து இரண்டு வாரம் காலையும் இரவும் தேய்த்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே பல் கூச்சம் வந்துவிட்டது. முகூர்த்தத்தன்று பாயசத்தைக்கூட ஆறவைத்துச் சாப்பிட்டாள். தாம்பூலத்தோடு வந்த ஐஸ்கிரீமைத் தொடவே இல்லை.

எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். கணக்கில் 2-க்கும் 3-க்கும் இடையில். பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனாலே எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்கும். ஆப்பசோடா தனியாக அவ்வளவு சொரசொரப்பானது அல்ல. ஆனால் அமிலத்தில் ஊறி இளகிப்போன எனாமலின் மேல் பிரஷ்ஷை வைத்து அழுத்துவது, ஈரச்சுவரைச் சுரண்டுவது போன்ற வேலை. முதல் இரண்டு நாள் பளிச்சென்று தெரியும். தேநீர்க் கறையும் போயிருக்கும், எனாமலும் போயிருக்கும். கண்ணாடியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரியம்மாவின் கொட்டாங்குச்சிக் கரியே இப்போது அழகான டப்பாவில் 'சார்கோல்' என்று பெயர் மாற்றிக்கொண்டு வருகிறது. அது பல்லைப் பாதுகாப்பாக வெளுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் 2017-லேயே எழுதிவிட்டது.

உடனே ஒருவர் எழுந்து, "ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று நம் முன்னோர் சொல்லவில்லையா?" என்பார். சொன்னார்கள். சொல்லை நிதானமாகப் படியுங்கள். உறுதி என்றார்கள், வெண்மை என்று சொல்லவில்லை. மென்று நாராக்கிய குச்சியால் துலக்குவதும், மணலுக்கு ஒப்பான பொடியைப் போட்டு அரைப்பதும் ஒன்றல்ல. முன்னோர் பெயரைச் சொல்லி எலுமிச்சையையும் சோடாவையும் விற்பது முன்னோருக்குச் செய்கிற மரியாதை இல்லை. 'முத்துப்பல்' என்று பாராட்டினார்களே, முத்து என்ன காகித வெள்ளையா?

காகித வெள்ளைப் பல் என்ற ஆசை நமக்குள் தானாக முளைத்ததல்ல. சிவப்பழகு கிரீமை நாற்பது வருடம் நம் தலையில் கட்டிய அதே வியாபாரம்தான், தோலை விட்டுப் பல்லுக்கு வந்திருக்கிறது. கறுப்பாகப் பிறந்ததற்கு வெட்கப்படு என்றது அது. பல் பல்லாக இருப்பதற்கு வெட்கப்படு என்கிறது இது. வெளுக்கும் பற்பசைகள் சிலவற்றில் நீலச் சாயம் சேர்க்கிறார்கள். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே சூத்திரம். மஞ்சளை நீலம் மறைக்கும், கொஞ்ச நேரத்துக்கு. பல்லின் நிறம் மாறியிருக்காது.

இன்னொரு பக்கம், டாக்டரிடம் போனால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம். ஆலங்குடியிலும் பொன்னமராவதியிலும் டீக்கடைக்கு டீக்கடை கேட்கலாம்: "க்ளீன் பண்ணாத, இருக்கிற பல்லும் ஆடும்." நடப்பது வேறு. வருடக்கணக்கில் சேர்ந்த காரை ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை அரித்துவிடுகிறது. மண் அரித்துப்போன தென்னைக்கு முட்டுக் கொடுத்ததுபோல, அந்தக் காரையே பல்லை நிறுத்தி வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. ஆட்டியது காரை, பழி டாக்டருக்கு. வெற்றிலைக் காவியும் டீக்கறையும் புகையிலைக் கறையும் இந்தச் சுத்தத்திலேயே பெரும்பாலும் போய்விடும். வெளுக்கும் மருந்தே தேவைப்படாமல் போகிறவர்கள் ஏராளம்.

அதற்குப் பிறகும் வெளுக்க வேண்டும் என்றால், 'ஆஸ்பத்திரியிலா வீட்டிலா' என்று கேட்பதே கோணலான கேள்வி. பல்லின் உள்நிறத்தை மாற்றுகிற பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: பெராக்சைடு. ஆஸ்பத்திரி நாற்காலியில் 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை, ஈறை மூடிப் பாதுகாத்துவிட்டு, ஒரு மணி நேரம் போல வைக்கிறார்கள். அன்று மாலை தெரிகிற பளபளப்பில் ஒரு பங்கு பல் உலர்ந்ததால் வந்தது. சில நாளில் தணியும். நீல விளக்கைக் காட்டுவதால் கூடுதலாக நிலைக்கும் பலன் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டு முறை என்று பல் மருத்துவர்கள் சொல்வது, உங்கள் பல்லுக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து, இரண்டு மூன்று வாரம் இரவில் போட்டுக்கொள்வது. அமெரிக்காவில் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவர்கள் 1989-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். கடைசிக் கணக்கில் இது நாற்காலி முறைக்குச் சளைத்ததல்ல, செலவும் குறைவு. ஆக, வீட்டில் செய்வது குற்றமே இல்லை. யாரும் வாயைத் திறந்து பார்க்காமல் செய்வதுதான் குற்றம்.

ஏனென்றால் நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல் பழுப்பேறியது தேய்க்காத குறையால் அல்ல. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடால். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தக் கறையைச் செங்கல் தூளால் எடுக்க முடியாது. ஒற்றைப் பல் மட்டும் கறுத்தால், உள்ளே நரம்பு செத்திருக்கலாம். சொத்தைப் பல்லில் பெராக்சைடு இறங்கினால் உயிர் போகிற வலி. கட்டிய பல்லும் அடைத்த இடமும் எந்த மருந்துக்கும் வெளுக்காது. சுற்றியுள்ள பல் மட்டும் வெளுத்து அது தனியாகத் துருத்தித் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு உள்ள வெளுப்பானைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கச் சொல்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது என்கிறது. நம் ஊரிலோ பெயர் தெரியாத பொட்டலம் கூரியரில் வீட்டு வாசலுக்கு வருகிறது. அழகு நிலையத்தில் முகத்துக்குப் பிளீச் போடுகிற கையே பல்லுக்கும் போடுகிறது. 1948-லேயே பல் மருத்துவர் சட்டம் கொண்டுவந்த நாடு இது. அதிகாரிகள் இதைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

பல் மருத்துவருக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டும் என்ற சாக்கும் இனி நமக்கு இல்லை. 2023-ல் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெண்ணோ பிள்ளையோ, பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற வாரத்திலேயே அங்கே கூட்டிப்போய் வாயைக் காட்டுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதமாவது இருக்கட்டும். சுத்தம் செய்ய ஒரு நாள், தேவைப்பட்டால் வெளுக்க மூன்று வாரம், கூச்சம் தணியச் சில நாள். அதற்குள் யாராவது எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தால், கையிலிருந்து வாங்கி வையுங்கள்.